சிங்கராசாவின் சண்டிக்கட்டு

வாயைத் திறக்குமுன் சிங்கராசாவின் இரண்டு கைகளும் உடுத்திருக்கும் சாரத்தின் விளிம்புக்குப் போய்விடும். முழங்காலுக்கு மேலே மடித்து, இடுப்பில் ஒரு இறுக்கு. அதுதான் சண்டிக்கட்டு. முள்ளிக்குளத்துக் கடற்கரையில் அவர் அப்படிக் கட்டினால் மீன் வாங்க வந்தவர்கள் இரண்டடி பின்னே நகர்வார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்ததென்று அவரிடமே கேட்டேன். இழுக்க மறுக்கும் மாட்டைச் சண்டி என்கிறோம், அடிதடிக்காரனைச் சண்டியன் என்கிறோம் என்று என் புலமையையும் எடுத்துவிட்டேன். அவர் சட்டை செய்யவில்லை.

"வலை இழுக்கவும் இப்பிடித்தான் கட்டுறம், சண்டைபிடிக்கவும் இப்பிடித்தான் கட்டுறம். பேர் வச்சவன் ஒரு நாளும் வலை இழுத்திருக்கமாட்டான்."

சொல்லும்போதே எழுந்தார், உட்கார்ந்தார், பீடியைப் பற்றவைத்து இரண்டு இழுப்பில் எறிந்தார். கை மறுபடி விளிம்புக்குப் போயிற்று. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி மாக்கிறட் சத்தம் போட்டார்: "இஞ்சாருங்கோ, கை!"

காரணம் இருக்கிறது. போன வருடம் நடுக்கடலில் இயந்திரம் நின்று இரண்டு நாள் தத்தளித்தவர் சிங்கராசா. உயிரோடு கரை சேர்ந்தால் கோயில் திருநாளில் மாதாவின் சுருவத்தை, அந்தச் சிலையை, தோளில் சுமப்பதாக நேர்ந்துகொண்டார். போன மாதம் அதற்கு அனுமதி கேட்கப் போனபோது கோயில் சுவாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "திருநாள் வரைக்கும் உங்கட சண்டிக்கட்டு அவிழ்ந்தே இருக்கவேணும். ஒருத்தர் வந்து முறைப்பட்டாலும் வேற ஆள்தான் தூக்கும்."

"வேலைக்குக் கட்டினாலும் சனம் சண்டையெண்டுதான் போய்ச் சொல்லும்," என்றார் சிங்கராசா. ஒரு மாதமாகப் பாவம், கட்டிப்போட்ட ஆள் மாதிரித் தவிக்கிறார். நாளைக்குத் திருநாள்.

அப்போது இன்னொரு மீனவரான அம்புறோஸின் வள்ளம் கரை தட்டியது. அதன் நங்கூரத்தில் சிங்கராசாவின் வலை பாதி கிழிந்து தொங்கியது.

"வழியில போட்ட வலைக்கு நானோ காவல்?" என்றார் அம்புறோஸ். "என்ன பாக்கிறீர்? சண்டிக்கட்டைக் கட்டுமன், பாப்பம்!"

சிங்கராசா விளிம்பைப் பிடித்தார். கட்டிவிடுவார் என்றே நினைத்தேன்; கட்டினால்தான் என்ன என்றுகூட எனக்குக் கோபம் வந்தது. மாக்கிறட் இந்த முறை "கை" என்று கத்தாமல், கருவாட்டை விட்டு எழுந்து நின்றார். வலையின் மற்றப் பாதியை அலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

சிங்கராசா கைகளை விட்டார். கணுக்கால்வரை தொங்கிய சாரம் நனைந்து காலைச் சுற்றிச் சுற்றித் தடுக்க, விழுந்தெழும்பி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை இழுக்கத் தொடங்கினார்.