வரைபடத்தில் இல்லாத நான்கு மரங்கள்

"சூரியன் எந்தப் பக்கம் போவும்னு மிஷின் சொல்லித்தான் நீ தெரிஞ்சுக்கோணுமா கண்ணு?"

வெள்ளையன் மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர். அவர் கேட்டது சரியான கேள்வி. அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் மறைத்தேன். பிறகு, மறைத்ததைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவருடைய நான்கு மரங்கள் விழுந்தன.

இன்று காலை வரை இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கொல்லிமலையிலிருந்து இறங்கி, டிப்ளமோ முடித்து, நாமக்கல்லில் சோலார் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். எனக்குத் தனியாகக் கொடுத்த முதல் வேலையே எங்கள் ஊரில் அமைந்தது. சாமையும் தினையும் உமி நீக்கும் மெஷினுக்கு மகளிர் குழு ஒரு கட்டடம் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. அதுவரை பெண்கள் சாமை மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றி, மலையிறங்கிச் சேந்தமங்கலம் வரை போய் வந்தார்கள்.

கூரைமேல் கம்பி நட்டுப் பலகை வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது அப்படியல்ல. இங்கே கூரையே மின்சாரம் தரும். மண் ஓட்டுக்குப் பதிலாகக் கருநீல ஓடுகள். முகப்புக் கண்ணாடிக்குள்ளும் அதே சரக்கு மெல்லிய கீற்றுகளாக ஓடும். பார்க்க அழகு! ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பலகையைக் கழற்றி வேறு பக்கம் திருப்பலாம். கூரையை எப்படித் திருப்புவது? கட்டடம் நிற்கும் இடம் தவறினால் எல்லாமே தவறு.

இடத்தை அளந்தவள் நான். சித்திரை மாதத்து உச்சி வெயில். நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது. படிவத்தில் 'நிழல் இல்லை' என்று எழுதினேன். தெற்கே, வேலிக்கு அப்பால், மாமாவின் சில்வர் ஓக் மரங்கள் நான்கு நின்றன. மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருந்தது. அவற்றை நான் வரையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. குற்றம் இனிமேல்தான்.

ஆனி மாதம் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று மாமா வந்து கோட்டருகே நின்றார்.

"கார்த்திக பொறந்தா வெயிலு தெக்கால சாஞ்சுரும் சாமி. என்ற மரத்து நெழலு இங்கதான் உளுகும். கோட்டக் கொஞ்சம் வடக்கால தள்ளிப் போடு."

"அதுக்கெல்லாம் கணக்கு இருக்குதுங்க மாமா," என்று நான் கையிலிருந்த கருவியைக் காட்டினேன்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று சாயங்காலமே மரங்களின் உயரத்தை உத்தேசமாகப் போட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். மார்கழியில் பகல் முழுவதும் கூரையில் பாதிக்கு மேல் நிழல்! ஓடுகள் வரிசையாகக் கோத்தவை; சிலவற்றில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். இருபதடி வடக்கே தள்ளினால் போதும். பள்ளம் இன்னும் தோண்டவில்லை. காலால் தேய்த்தால் அழிகிற சுண்ணாம்புக் கோடுதான் அது...

ஏன் அழிக்கவில்லை?

அப்பா அன்று வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். தன் பெயரை எழுதத் தெரியாத மனிதர். வந்தவர்களிடமெல்லாம் "என்ற புள்ள போட்ட கோடு" என்று காட்டிக்கொண்டிருந்தார். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. இப்படித்தான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையல்ல. மாமா ஜெயித்துவிடுவார் என்பதுதான் என் பயம்.

கட்டடம் எழுந்தது. ஐப்பசி வரை மெஷின் நன்றாக ஓடியது. மார்கழியில், சாமை மூட்டைகள் சுவர் உயரத்துக்கு வந்து குவிந்த நேரத்தில், முனகி முனகி நின்றது.

"குளுருக்குக் கூரையும் போத்திப் படுத்துருச்சாட்டமிருக்குது," என்றார் குழுத் தலைவி பாப்பாத்தி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

அலுவலகத்திலிருந்து மேலாளர் வந்தார். கூரையைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், என் வரைபடத்தைப் பார்த்தார்.

"இதுல மரமே இல்லையேம்மா?"

"அளந்தப்போ சின்னதா இருந்துச்சு சார். சில்வர் ஓக் சீக்கிரம் வளரும்."

எட்டே மாதத்தில்! வாய் கூசாமல் சொன்னேன். மாமா வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார்.

"ஆமாங்க, வளந்துருச்சுங்க. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன். வெட்டிப்போடறேனுங்க."

தை பிறந்தால் மிளகு பறிப்பு. கொடியெல்லாம் பச்சைச் சரமாகத் தொங்கியது. மூன்றே நாளில் நான்கு மரங்களையும் வெட்டினார். கொடிகள் மரத்தோடு சரிந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஓடியது. பெண்கள் கைதட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மரத்தை நட்டவருக்கு அதன் உயரம் தெரியாதா? அவர் என்னை நம்பினாரா? அல்லது ஊர் நடுவே என்னைக் காப்பாற்றினாரா? காப்பாற்றினார் என்றால் அது இன்னும் கனம்... அடுத்த முறை போனபோது அவர் வழக்கம்போல, "சாப்பிட்டியா கண்ணு?" என்றுதான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் மேலாளர் என்னை அழைத்தார். கொல்லிமலையிலேயே திருப்புலி நாடு என்ற ஊர்ப்பகுதியில் இன்னொரு கட்டடமாம். "உன் பழைய வரைபடத்தையே மாதிரியா வெச்சுக்க," என்றார். அந்தத் தாளை மேசையில் விரித்தேன். மூலையில் என் கையெழுத்து, அழகாக. தெற்கே வெறும் வெள்ளைத்தாள்.

அந்த வெள்ளையில் நான்கு வட்டம் போட்டேன். சித்திரையில் நானே எடுத்த புகைப்படம் போனில் இருந்தது. ஓரத்தில் நான்கு மரங்களும் முழு உயரத்தில் நிற்கின்றன. அதையும் சேர்த்து, நடந்ததை ஒரு பக்கம் எழுதி, இன்று காலை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டேன். வேலை என்னாகும் என்று தெரியவில்லை. எதைச் செய்தாலும் மரம் திரும்பாது.

மாமாவுக்கு எழுத்து தெரியாது. கடிதம் அனுப்பிவிட்டு நான் தப்பிக்க முடியாது. மத்தியானம் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்துக்கு வாங்க மாமா. ஒரு பேப்பர் படிச்சுக் காட்டோணும்."

அவரே கேட்டார்:

"மரத்தப் பத்தியா கண்ணு?"

"ஆமாங்க."

"செரி... வாரேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் போன் போட்டேன். அவரையும் வரச் சொல்லிவிட்டேன்.