அஸர் பாங்குக்கு முன் நின்றுபோன வசனம்

போன கிழமை தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் தலைவரைக் கண்டேன். ஒருகாலத்தில் நாட்டை ஆண்டவர். பதவி போனபிறகும் ஜனநாயகம், ஜனநாயகம் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர், தலை முழுக்க நரைத்தும் விடவில்லை. அவர் சிங்களத்தில் பேசப் பேசக் கீழே தமிழ் எழுத்து நிதானமாக ஓடியது. எழுத்துக்கு வியர்ப்பதில்லை, பாருங்கள். எனக்கு வியர்த்திருக்கிறது.

கல்முனைக்கு அவர் வந்தது சண்டை முடியப்போகிற காலத்தில். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் சீமெந்து மணமே போகவில்லை, அதற்குள் வெள்ளை வேனில் ஆட்களைக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பில் புடவைக் கடையில் நின்று சிங்களம் பழகியவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை மொழிபெயர்க்க மேடையேற்றிவிட்டார்கள். சேலைக்கு விலை சொல்லிப் பழகிய நாக்கு அது. முன்பு பேசியவரின் வெற்றிலை வாசம் மைக்கில் அப்படியே இருந்தது.

முன்வரிசையில், எனக்கு அக்கா மாதிரியான பக்கத்து வீட்டு ராத்தா இருந்தா. புருசனைக் கடல் கொண்டது, மூத்த மகனை வேனில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அவனைப் பற்றித் தலைவர் ஒரு சொல்லாவது சொல்லமாட்டாரா என்றுதான் வந்திருந்தா. கடைசி வரிசையில், யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க வந்த, ஹெல்மெட் கழற்றாத இரண்டு பேர்.

ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிற நாட்டில் ஜனநாயகம் இல்லை, கொண்டுபோனவர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் தலைவர். நான் வாயைத் திறக்க, பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கிவிட்டது. பாங்கு சொன்னால் எங்களூரில் எந்தக் கொம்பனின் பேச்சும் நிற்கும். ஒரு பள்ளி முடிக்க அடுத்த பள்ளி தொடங்கும். வசனம் என் தொண்டையிலேயே கிடந்தது. ஹெல்மெட்காரர்களுக்கு அது ஏற்கனவே விளங்கிவிட்டது, சிங்களம் தெரியாத ராத்தாவுக்குத்தான் விளங்கவில்லை. விழுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பாங்கு ஓய்ந்ததும் ராத்தா மேடையடிக்கு வந்தா.

"எண்ட மகனப் பத்தியா தம்பி கதைச்சாரு? கடல் கூட எண்ட மனிசன்ட மையத்த அடக்குறத்துக்குத் திருப்பித் தந்திச்சி. இவனுகள் அதுவுந் தரல்ல."

"ஓம் ராத்தா" என்று மைக்கிலேயே சொல்லி, முழுவதையும் தமிழில் சொன்னேன். பிறகு பல மாதம், வாசலில் வேன் சத்தம் கேட்டால் சோறு இறங்காது.

சண்டை முடிந்தது. காவலரண்களைக் கழற்றிப்போனார்கள். கூட்டம் நடந்த வெளியில் இப்போது கடைகள். தெருச் சனம் புதுவீட்டுத் திட்டங்களுக்குப் பிரிந்துபோயிற்று. மகன் வந்தால் வீடு தெரியவேண்டும் என்று ராத்தா அசையவில்லை, நானும் பக்கத்து வீட்டை விட்டுப் போகவில்லை. போன நோன்புக்கு முன் ராத்தா அங்கேயே மவுத்தானா, அடக்கியும் ஆயிற்று.

இனி அவன் வந்தால், "உம்மா எங்க?" என்று கேட்கப் பழைய முகம் என்னுடையது ஒன்றுதான் அந்தத் தெருவில் மிச்சம். அவன் வரவேண்டும் என்று இன்னும் துஆ கேட்கிறேன். வந்துவிடுவானோ என்று பயமாகவும் இருக்கிறது.