வெறும் தூக்கு

நானும் என் கணவரும் ஓ.எம்.ஆர். சாலையில் ஆளுக்கொரு கம்பெனியில் பதினோரு வருடம் கணினி தட்டியவர்கள். வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இட்லி மாவு அரைத்து விற்கப் போகிறோம் என்றதும், "மாவாட்டவா இன்ஜினியரிங் படிச்சே?" என்று கேட்டான் என் அண்ணன். ஆமாம் என்றேன். ஒரு வருடத்தில் ஓடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது கணவரின் நிபந்தனை. ஓடாமல் எங்கே போகும் என்பது என் வீம்பு.

கூரையில் சூரியத் தகடு, அதில் ஓடும் கிரைண்டர், பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. பிளாஸ்டிக் கவர் எங்கள் வாசற்படி ஏறக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். ஆகவே மாவு எவர்சில்வர் தூக்கில் போகும். நூற்றிருபது தூக்கு வாங்கி, என் நகப்பாலிஷை எடுத்து ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதினார் அவர். காலையில் ஸ்கூட்டரில் எடுத்துப்போய், கடற்கரைப் பக்கம் உத்தியோகஸ்தர்கள் இருக்கும் குடியிருப்பில் கொடுப்பது, மறுநாள் காலித் தூக்கை வாங்கிக்கொள்வது. இதுதான் திட்டம்.

மாவு நன்றாகவே போனது. தூக்குதான் திரும்பவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் "நாளைக்குத் தந்துடறேங்க" என்று ஒரு சிரிப்பு. ஐந்தாவது மாதம் எங்கள் அலமாரியில் மிச்சம் பதினான்கு. கேட்பவர்களோ அறுபது வீடு. கணவர் எந்தத் தூக்கு எங்கே என்று கணினியில் அட்டவணை போட்டார். பழைய புத்தி. அட்டவணை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வாடிக்கையாளர்களின் வாட்ஸப் குழுவில், "எங்கள் பாத்திரங்கள் உங்கள் அலமாரியை அலங்கரிப்பதற்கு அல்ல" என்று எழுதி அனுப்பிவிட்டேன். எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

அந்த வாரம்தான் கணவருடைய பழைய ஆபீஸிலிருந்து திரும்ப அழைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். "வருஷம் முடியற வரைக்கும்கூடத் தாங்காது போல" என்றார், மெதுவாக. கிண்டல் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எங்களோடு அரைக்க வரும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் பொறுக்கவில்லை. "கவர்ல ஊத்திக் குட்துட்டுப் போவாம, இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?"

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கோணிப்பையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன்.

முதல் வீட்டில் திருநெல்வேலிப் பெண். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் மூன்று தூக்கைக் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று இருந்தன.

"வெறுந்தூக்க எப்படிக்கா குடுக்க? முறுக்கு சுட்டுப் போட்டுத் தரலாம்னு இருந்தேன். பையனுக்குப் பரீட்சை, நேரமே கெடைக்கல."

"இது கடைத் தூக்கும்மா. நீதான் காசு குடுத்துட்டியே!"

"கடைத் தூக்குன்னா என்ன? நீங்கதான அரைச்சுக் கொண்டாந்து குடுக்கீங்க."

என் அம்மா அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பியதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவாள். பதினோரு வருடம் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் யார் பாத்திரமும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, எங்களுடையதும் போனதில்லை. எப்படி நினைவிருக்கும்?

வீட்டுக்கு வீடு இதே கதை. ஒரு தூக்கு கோயம்புத்தூருக்கே போயிருந்தது, மாமியார் கையால் சுட்ட கச்சாயப் பலகாரத்தோடு திரும்பிவர. "அந்த மெசேஜைப் பாத்ததுலேர்ந்து மனசே சரியில்லைங்க" என்று ஒரு பெண் சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு சிட்டிகை சர்க்கரை போதும், தயவுசெய்து காத்திருக்காதீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கெஞ்சினேன். கேட்டால்தானே? நான் நிற்கும்போதே முருங்கைக்கீரை பறிக்க ஓடினார்கள்.

மூன்று நடை அடித்து எழுபத்தொரு தூக்கு கொண்டுவந்தேன். சாயங்காலம் கூடத்தில் பரப்பித் திறந்தோம். அதிரசம், நார்த்தங்காய் ஊறுகாய், வேர்க்கடலை, கீரை. கணவர் நடுவில் உட்கார்ந்து நம்பர் பார்த்து அட்டவணையில் குறித்துக்கொண்டே அதிரசம் தின்றுகொண்டிருந்தார். அப்போது ஆபீஸ் போன் வந்தது.

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பேசினார்.

"இல்ல சார், வர முடியாது. முப்பத்தஞ்சு தூக்கு இன்னும் வெளியில இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆளை அனுப்பியெல்லாம் வாங்க முடியாது சார். எதையாவது செஞ்சு போட்டுத்தான் குடுப்பாங்க. நாங்க இங்க இருந்து வாங்கிக்கணும்."