எண்ணெய்க் குழாயை அடைத்தவன்

ஞானமுத்து திருடன் அல்ல. அந்தக் காரின் எஞ்சினைக் கெடுத்தவன் நான். பழியை அவன் தலையில் வைத்தவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் கேளுங்கள்.

எனக்கு ராஜபாளையத்தில் ஒர்க்ஷாப். படித்தது ஐந்தாம் வகுப்பு. லாரி, அம்பாசடர், கிணற்று எஞ்சின்... எது வந்தாலும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வேன். அந்தப் பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயர்தான் எனக்கு வினை.

எண்பத்தேழில் மில் முதலாளி ஒருவரின் மகன் ஒரு ஜப்பான் காரை வாங்கி வந்தார். பழையது. ஆனாலும் பந்தயக் கார் மாதிரி தரையோடு ஒட்டி நிற்கும். இரண்டே கதவு. ஓட்டுவது பெரும்பாலும் அவர்தான். துடைப்பது, எண்ணெய் பார்ப்பது, பெட்ரோல் போட்டு வைப்பது டிரைவர் ஞானமுத்து. சேத்தூர்க்காரன், என் வயது, என் கூட்டாளி.

ஒரு நாள் வண்டியைத் திக்கித் திணறி ஓட்டி வந்தான்.

"ஏலே சுப்பையா, மிஸ்ஸிங் அடிக்குது. செத்த பாரு."

பானெட்டைத் தூக்கினேன். எஞ்சினைக் காணோம்!

"எங்கலே எஞ்சினு?"

"அந்தா, பானை கணக்கா கெடக்குல்லா, அதான். பிஸ்டனே கெடையாதாம்லே. வால்வும் கெடையாதாம்." சிரித்தான். "என்னலே, முழி பிதுங்குது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரோட்டரி எஞ்சின் என்றான். உள்ளே மூன்று மூலை வைத்த இரும்பு இரண்டு சுற்றும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். சாதாரண வண்டியில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்த்தால் எது செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதில் பிடுங்கினால் சத்தம் மாறவேயில்லை. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று எரித்தது.

மூன்று நாள் தேடினேன். கடைசியில் ஒரு வயரில் மயிரிழை வெடிப்பு. தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் பாதி வழியில் இரும்பில் பாய்ந்துகொண்டிருந்தது. வயரை மாற்றினேன். எஞ்சின் தேனீ போலப் பாடியது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்... நிறுத்தினேனா?

பின்னால் கொஞ்சம் புகை வந்தது. எண்ணெய்ப் புகை. பிளக்கிலும் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் குடிக்கிற எஞ்சின் நோயாளி என்பதுதான் நான் படித்த பாடம். தேடினேன். எண்ணெய்ப் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாய்கள் கண்ணில் பட்டன. எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை? எவனோ தப்பாக மாட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

ஞானமுத்து தடுத்தான். துணியில் சுற்றி வைத்திருந்த வண்டிப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

"முதலாளி சொல்லியிருக்காருலே. இது எண்ணெ குடிக்கத்தான் செய்யுமாம், குறையக் குறைய ஊத்தணுமாம். படம் போட்டிருக்கு, பாரு."

"பொஸ்தகம் பாத்து வேல பாக்கவா கடை போட்டிருக்கேன்? ஒனக்கு ஸ்டேரிங் பிடிக்கத் தெரியும். அத மட்டும் பிடி."

அவன் புத்தகத்தைத் துணியில் சுற்றினான். நான் குழாய்களைக் கழற்றினேன். துளைகளில் பித்தளைத் திருகாணி வைத்து இறுக்கினேன்.

புகை நின்றது. எண்ணெய் குறைவதும் நின்றது. "சுப்பையா கை வச்சா பேசுறதுக்கு இல்ல" என்றார் சின்ன முதலாளி. பஜாரில் பேச்சாகிவிட்டது. நான் பூரித்துப் போனேன்!

எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நின்றுவிட்டது. ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார்கள்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினேன். முன்பக்கம் புஸ், புஸ் என்று மூச்சு விட்டது. பின்பக்கம் மூச்சே இல்லை. பிரித்தேன். மூன்று மூலையிலும் தகடு மாதிரி சீல் உண்டு. ஒன்று உடைந்து, மற்றவை தேய்ந்து, சுவரெல்லாம் கீறிக் கிடந்தது. உள்ளே ஒரு சொட்டுப் பசை இல்லை. ஆனால் கீழே எண்ணெய்த் தொட்டி நிறைய எண்ணெய்! அளவு குறையாமல் பார்த்து வைத்திருந்தான் ஞானமுத்து.

காரில் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. படம் தெரியுமே. மெல்லிய குழாய், அதன் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போய் விழுகிற இடம் அந்த சீல். குடிக்கவும் எரியவும்தான் அந்த எண்ணெய். அது நோயல்ல, உயிர். அந்த வாயைத்தான் நான் அடைத்திருக்கிறேன்!

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? மில் லாரிகள் என் கடைக்கு வராமல் போயிருக்கும். அது கூடப் பெரிதில்லை. சுப்பையாவுக்குத் தெரியவில்லை என்று ஊர் சொல்லியிருக்கும்... அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் திருகாணிகளைக் கழற்றிக் குழாய்களைப் பழையபடி மாட்டினேன்.

சாயங்காலம் சின்ன முதலாளி வந்தார். ஞானமுத்துவும் கூட வந்தான்.

"எதனால போச்சு? பெட்ரோல்ல ஏதும் கலப்படமா?" என்று அவரே கேட்டார்.

அந்தக் காலத்தில் டிரைவர்கள் மேல் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. மண்ணெண்ணெயைக் கலந்துவிட்டுப் பெட்ரோலை வெளியே விற்பார்கள் என்பார்கள்.

டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் பெட்ரோல் பிடித்து அவரிடம் நீட்டினேன். சாமான் கழுவ மண்ணெண்ணெய் வைத்திருக்கும் பாட்டில் அது. அடியில் இரண்டு விரல் அளவு மண்ணெண்ணெய் கிடந்தது. தெரியாமல் எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்தே எடுத்தேன்!

அவர் மோந்து பார்த்தார். ஞானமுத்துவைப் பார்த்தார்.

"நான் கலக்கல முதலாளி. என் பிள்ளைய சத்தியமா கலக்கல." என் பக்கம் திரும்பினான். "ஏலே, நீ சொல்லு."

"வாடை அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அன்றே அவனுக்கு வேலை போயிற்று.

கேளுங்கள், இதுதான் எனக்குப் பெரிய தண்டனை. அவன் என்னைச் சந்தேகப்படவில்லை! எட்டு மாதம் புகையில்லாமல் ஓடியதைப் பார்த்து, குழாயை அடைத்தது சரிதான் என்று அவனும் நம்பியிருந்தான். மறுநாள் பெட்ரோல் பங்க்குக்குப் போய், அங்கே வேலை பார்த்தவனைச் சட்டையைப் பிடித்து அடித்திருக்கிறான். "சுப்பையா மூக்கு பொய் சொல்லாது. நீதான்லே கலந்திருக்க" என்று கத்தினானாம். அடி வாங்கியவன் என்ன பாவம் செய்தான்?

அதன் பிறகு ராஜபாளையத்தில் யாரும் அவனிடம் வண்டி கொடுக்கவில்லை. பெண்டாட்டி ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். மூட்டை தூக்கினான். செங்கல் சூளையில் நின்றான்.

தொண்ணூற்று நாலில் என்னைத் தேடி வந்தான். முடி நரைத்திருந்தது.

"ஒரு பள்ளிக்கூடத்துல வேன் ஓட்ட ஆள் கேக்காவ. பழைய கதை அவிய காதுக்கும் போயிருக்கு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லுலே. ஒன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கு."

போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். நம்புவீர்களா?

தாளாளர் நேராகக் கேட்டார்: "அந்த மண்ணெண்ணெய் விவகாரம் என்ன?"

ஞானமுத்து வாசலில் நின்றான். நான் வாயைத் திறந்தேன்...

"அது பழசுங்க ஐயா. இப்ப திருந்திட்டான்."

திருந்திட்டான்! செய்யாதவன் எதிலிருந்து திருந்துவான்? முதல் தடவை பயத்தில் பொய் சொன்னேன். இந்தத் தடவை எந்தப் பயமும் இல்லை. அந்தக் கார் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஏன் சொன்னேன்? இன்றுவரை விளங்கவில்லை.

வேலை கிடைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பங்க்கில் அந்த வேனைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பியூன் இறங்கி, தன் பையிலிருந்து சாவி எடுத்து, டேங்க் மூடியைத் திறந்து டீசல் பிடித்துக்கொண்டிருந்தார். ஞானமுத்து தூரத்தில், காற்றடிக்கிற இடத்தில் நின்றான்.

"ஏலே சுப்பையா! வா, டீ குடிப்போம்."

"வண்டிகிட்ட நிக்காம இங்க ஏன் நிக்க?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

"எண்ணெ பிடிக்கையில நான் கிட்ட நிக்கப்படாதாம். பெரியவிய உத்தரவு." சிரித்தான். "நல்லதுதான்லே. நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொல்ல முடியாதுல்லா. நீ வந்து சொல்லலைன்னா இந்த வண்டியும் இல்ல."

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். தொண்டையில் இறங்கியது. அதுதான் ஆச்சரியம்!

இப்போதும் அவன் அந்த வேனைத்தான் ஓட்டுகிறான். சாவி இப்போதும் பியூனிடம்.

முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டேன். அவன் இருக்கும் ஊர் இங்கிருந்து அரை மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போகிறது. என் கடை வாசலில்தான் நிற்கிறது.