குமணன்சாவடிக்குப் போய் வாங்கி வந்த வாயு

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒரு நாள் பயணமாகப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க யாரும் அங்கே போவதில்லை, நானும் அதற்காகப் போகவில்லை. வேலையும் பார்த்துக்கொண்டு, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிந்துவிட்டு, சொந்தக் கல்லூரியில் உருப்படியான ஒரு கருவிகூட இல்லாமல், ஊர் ஊராகப் போய் கருவியை வாடகைக்கு எடுக்கிறவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்லபடியாக முடிந்த பயணம் இல்லை.

நான் அரக்கோணத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பதினேழு வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வுக்குப் பதிந்து எட்டு வருடம் ஆகிறது. கேட்கக்கூடிய நீட்டிப்பையெல்லாம் கேட்டு வாங்கியாயிற்று, மாதக் கடைசியோடு பதிவு காலாவதி. என் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்த குழு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. சில மூலக்கூறுகள் ஒரு ஜோடிச் செருப்பு போல வலது, இடது என்று இரண்டு விதமாக இருக்கும். எடை ஒன்று, அளவு ஒன்று, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. வலது மட்டும் கிடைக்கும்படி ஒரு சேர்மத்தைச் செய்துவிட்டேன் என்பதுதான் என் எட்டு வருட ஆய்வு. அதை வரைபடமாகக் காட்டுங்கள் என்றார்கள். கோட்டில் ஒரு பீக், அதாவது ஒரு முகடு, வந்தால் நான் சொன்னது சரி. இரண்டு வந்தால் தப்பு.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் வழியில்லை. என் சேர்மம் சூடு பட்டால் சிதைந்துவிடும், அதனால் வாயுவில் பிரிக்கும் கருவி உதவாது. புற ஊதா ஒளியில் தெரியாது, அதனால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இருக்கும் திரவத்தில் பிரிக்கும் கருவிகளுக்கு அது கண்ணிலேயே படாது. மிச்சம் ஒரே வழி. கார்பன் டை ஆக்சைடை முப்பத்தொரு டிகிரிக்கு மேல் வைத்து, எழுபத்து மூன்று மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் நெருக்கினால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும். சூப்பர் கிரிட்டிக்கல் என்பார்கள். அதோடு சேர்த்து நம் பொருளைத் தலைமுடி போன்ற பத்து மீட்டர் நீள நுண்குழலில் அனுப்பினால் வலதும் இடதும் வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். முனையில் ஒரு சின்னச் சுடர் இருக்கும். வருவதையெல்லாம் எரித்துக் கணக்குச் சொல்லும். முப்பத்தொரு டிகிரியை அம்பத்தூர் வெயில் சித்திரையில் சும்மாவே தாண்டிவிடும், அழுத்தத்துக்குத்தான் இத்தனை பாடும்.

இந்தப் பழைய முறைக்கான கருவி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் இருந்தது. அடுத்த வாரம் அதைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, வாடகை ஒன்பதாயிரம். வாயு சிலிண்டர் நம் பொறுப்பு. தொலைபேசியில் ஆர்டர் சொல்லி முந்தின நாளே ஆய்வகத்தில் இறக்க வைத்துவிட்டேன். இருப்பதிலேயே சுத்தமானதைக் கேட்டேன். தசமத்துக்குப் பிறகு மூன்று ஒன்பது. விலையைக் கேட்டு வீட்டில் சண்டை வந்தது.

அரக்கோணத்தில் 6.05 லோக்கலில் ஏறி 7.20க்கு அம்பத்தூரில் இறங்கினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். எட்டு மணிக்கெல்லாம் ஆய்வக வாசலில் நின்றேன். கருவியை இயக்குபவர் பெயர் தயாளன், ஐம்பது வயது இருக்கும். அப்பா படைக்கலத் தொழிற்சாலையில் இருந்தவராம், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவரே எட்டரைக்குத்தான் வந்தார்.

8.50க்கு நான் செய்த காரியத்தை இங்கே எழுதியாக வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு மில்லிகிராம். குப்பியின் அடியில் உப்புத் தூள் போல ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி செய்ய எட்டு மாதம் ஆகும். அதைக் கரைத்துவிட்டால் எட்டு மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு வலது கொஞ்சம் கொஞ்சமாக இடதாக மாற ஆரம்பித்துவிடும், சோதித்தும் பயனில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும், பம்ப் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல், நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று முழுவதையும் கரைத்துவிட்டேன். பாதியை எடுத்து வைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஒன்பதரைக்கு தயாளன் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ப்ரெஷர் அறுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது. சிலிண்டர் யாரு ஆர்டர் போட்டது?"

"நான்தான் சார்."

"டிப் டியூப் வெச்சதுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சிலிண்டருக்குள் அடியில் திரவமும் மேலே வாயுவும் இருக்கும். இந்தப் பம்புக்குத் திரவம்தான் வேண்டும். அதற்கு இளநீரில் ஸ்ட்ரா போட்ட மாதிரி அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்ததில் குழாய் இல்லை. நான் சுத்தத்தைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினேன், குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிலிண்டர் அனுப்பிய இடத்தில் திங்கட்கிழமை தருகிறோம் என்றார்கள். ஆவடியில் ஒருவரைத் தயாளன் கேட்டுப் பார்த்தார், அவரிடமும் இல்லை. நான் வாசலில் நின்று நான்காவது ஆளிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, எதிர் கம்பெனியில் அட்டைப்பெட்டி இறக்கிவிட்டு லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த டிரைவர் பேச்சைக் கேட்டுவிட்டார். பெயர் ரஃபி.

"யக்கா, டியூப் போட்ட சிலிண்டர்தானே? ஃபயர் பாட்டில் ஊத்துற கடைல கீது. குமணன்சாவடில நம்மாளு ஒர்த்தர் கீறாரு. ஏறு, போய்கினு வந்துரலாம்."

போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு என்று பேசி 10.50க்குக் கிளம்பினோம். அத்திப்பட்டு, அயனம்பாக்கம் வழியாக வானகரம், அங்கிருந்து வேலப்பன்சாவடி தாண்டி குமணன்சாவடி. தூரம் பதினான்கு கிலோமீட்டர். வானகரத்தில் மட்டும் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி, நடுவில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. கரைத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னா யக்கா, ஆஸ்பத்திரி கேஸா?" என்று ரஃபி கேட்டார்.

"இல்லப்பா, படிப்பு."

"இந்த வயசுலயா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

கடை மெட்ரோ தூண்களுக்குப் பின்னால், உள்ளே தள்ளி இருந்தது. சுவர் முழுக்கச் சிவப்பு சிலிண்டர்கள். உரிமையாளர் பெயர் டில்லி. தீயணைக்கும் பாட்டில்களில் திரவமாகத்தான் நிரப்ப வேண்டும் என்பதால் அவரிடம் குழாய் வைத்த பெரிய சிலிண்டர் இருந்தது. வாடகையும் வாயுவும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு கேட்டார். கொடுத்தேன்.

"எவ்வளவு சுத்தமா இருக்கும்ணா இது?"

"சுத்தமா? நெருப்ப அணைக்கறதுக்கு யக்கா இது. நெருப்பு இன்னா ருசி பாத்துகினா கீது?"

ரஃபி சிரித்தார். நானும் சிரித்தேன். அழுக்கு வாயு நுண்குழலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் மணி 12.10. வாயு நிரப்பும் பம்பிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கலந்திருந்தாலும் பரவாயில்லை, என் பீக் வருகிற இடத்தில் வராமல் இருந்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்மேல் கோபம் வருகிறது.

1.25க்கு ஆய்வகம் வந்தோம். மாலையில் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போக வருவதாகச் சொல்லிவிட்டு ரஃபி போனார். சிலிண்டர் வெயிலில் வந்ததால் ஏசி அறையில் ஆறவிட்டு, இணைத்து, பம்பைப் போட்டபோது மணி 2.20. எண்பது, நூறு, நூற்று இருபது என்று அழுத்தம் ஏறியது. தயாளன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

3.05க்கு என் கரைசலைச் செலுத்தினோம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் வலது வரவேண்டும். இடது இருந்தால் அதற்கு ஒரு நிமிடம் முன்பு. திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் மெல்ல எழுந்தது. எழுந்தது எழுந்தபடியே போனது. இருபத்திரண்டாவது நிமிடம் வந்தபோது திரையின் உச்சியில் இருந்தது, நாற்பதாவது நிமிடம் வரை இறங்கவில்லை. அவ்வளவும் சிலிண்டர் எண்ணெய். எண்ணெயைச் சுடர் எரித்து எரித்து ஒரு மேடு போட்டிருந்தது. என் சேர்மம் அதற்குள் எங்கோ இருந்தது, ஒன்றாகவோ இரண்டாகவோ.

4.10க்கு இன்னொரு முறை செலுத்தினோம். இந்த முறை கோடு அசையவே இல்லை. குழலின் முனையில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஊசித்துளை ஒன்று உண்டு, அது அடைத்துக்கொண்டுவிட்டது. தயாளன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு வால்வைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் பீய்ச்சினார். வாயு பறந்துபோனதும் தாளில் மஞ்சளாக ஒரு வட்டம் இருந்தது.

"இத மொதல்லயே பாத்திருக்கணும் மேடம். என் தப்பும்தான்" என்றார்.

அவர் தப்பு ஒன்றும் இல்லை.

ஐந்தே காலுக்கு ரஃபி வந்தார். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியே போகும்போது, மூலையில் நின்ற என் விலையுயர்ந்த சிலிண்டரைப் பார்த்தார்.

"இந்தப் புச்சு சிலிண்டரு இன்னாத்துக்கு யக்கா சும்மா நின்னுகினு கீது?"

"அதுல டியூப் இல்லப்பா. அதனாலதான உன்கூட வந்தேன்."

"அத்த தலகீழா கவுத்து நிறுத்திக்கினா தண்ணியாத்தான வரும்? டில்லிண்ணன் டியூப் இல்லாததெல்லாம் அப்டித்தான் ஊத்துவாரு. அதுக்குன்னு ஸ்டாண்டே வெச்சிகீறாரு."

தயாளன் தரையைப் பார்த்தார். கனமான திரவம் அடியில் இருக்கும், கவிழ்த்தால் வாய்ப்பக்கம் வரும். இதை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். சுத்தமான வாயு நான் போய்ச் சேருவதற்கு முன்பே அந்த அறையில் இருந்தது. அதைத் திருப்பி வைத்துச் சங்கிலியால் கட்டத் தெரியாமல், இருபத்தெட்டு கிலோமீட்டர் அலைந்து அழுக்கை வாங்கி வந்து, இருந்த ஒரே குழலில் ஊற்றியிருக்கிறேன். பதினேழு வருடமாக நான் வேதியியல் ஆசிரியை.

"இப்ப கவுத்துப் பாக்கலாமா மேடம்? நான் இருக்கேன், எத்தன மணி ஆனாலும்" என்றார் தயாளன். நல்ல மனிதர். ஆனால் குழல் அடைத்துவிட்டது, மாற்றுக் குழல் இல்லை. கரைத்து எட்டரை மணி நேரமும் ஆகிவிட்டது. வேண்டாம் என்றேன்.

பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தேன், பதினைந்து நிமிடம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என் நெறியாளருக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"சாம்பிள் ஏதாவது மிச்சம் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"மத்தியானம் சாப்டீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

இனி, போகிறவர்களுக்கு. தொழிற்பேட்டைக்கு அம்பத்தூரில் இறங்காதீர்கள், பட்டரவாக்கம்தான் பக்கம், ஆட்டோவும் தேவையில்லை. சிலிண்டர் சொல்லும்போது சுத்தத்தோடு டிப் டியூபையும் கேட்டு எழுதி வாங்குங்கள். தவறி வேறு வந்துவிட்டால் தாங்கு சட்டத்தில் கவிழ்த்து, சங்கிலி போட்டு, தெரிந்தவரை வைத்துத் திறங்கள், சும்மா சுவரில் சாய்த்து வைத்தால் உயிருக்கே ஆபத்து. எந்த வாயு வந்தாலும் முதலில் வெள்ளைத் தாளில் பீய்ச்சிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. பம்ப் அழுத்தம் பிடிக்கும் வரை சாம்பிளைத் தொடாதீர்கள். தொட்டாலும் பாதியைத் தொடாமல் வையுங்கள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வானகரம் வழியாகப் போகாதீர்கள். உதவிக்கு வரும் லோடு ஆட்டோக்காரரிடம் உங்கள் பிரச்சினை என்ன என்று முழுதாகச் சொல்லுங்கள். ரஃபிக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு டியூப் போட்ட சிலிண்டர் வேண்டும் என்பது மட்டும்தான். டியூப் இல்லாத சிலிண்டர் ஒன்று உள்ளே நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்திப்பட்டு தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பியிருப்பார்.

நேற்றோடு என் பதிவு முடிந்துவிட்டது. கருவியும் போய்விட்டதாகத் தயாளன் செய்தி அனுப்பியிருந்தார். பட்டம் போனது வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்து வைக்கவில்லை. ஆனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிடுகிறேனே, அது பட்டத்தை நினைத்து இல்லை. நான் எட்டு வருடமாகச் சொல்லி வந்தது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது.

சேர்மத்தைச் செய்யும் முறையை, ஒரு படிகூட மறைக்காமல், இந்தப் பதிவோடு இணைத்திருக்கிறேன். யாருக்காவது கருவியும் எட்டு மாதமும் கிடைத்தால் செய்து பாருங்கள். உங்கள் பெயரிலேயே வெளியிடுங்கள், என் பெயர் வேண்டாம். ஒரு பீக்கா, இரண்டா என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.