கிளீட்டஸ் அண்ணனின் வால்வு ஆம்ப்பை ஷோவுக்குத் தர முடியாது

கிளீட்டஸ் அண்ணன் போய்விட்டார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை.

இன்று நான்கு மணிக்கு அடக்கம். ஊர்ப் பெயரை எழுதவில்லை… அவர் மகள் ஷைனி அங்கேதான் வாழ வேண்டும்.

காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க "லெஜண்ட்", "கடற்கரையின் கிட்டார் மன்னன்". எழுதியவர்களில் பாதிப் பேர் அவரைக் கோயில் பாடகர் குழுவிலிருந்து அனுப்பிய கமிட்டிக்காரர்கள்.

நான் முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனது ஒரு விற்பனை விளம்பரம் பார்த்துத்தான். மஸ்கட்டில் ஹோட்டல் பேண்டில் வாசித்த காலத்தில் அவர் வாங்கிய பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். உள்ளே கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரிகிற வகை.

நான் இயற்பியல் நடத்துகிறவள். வால்வு சத்தம் பற்றி ஆட்கள் சொல்வதில் முக்கால்வாசி பில்டப் என்ற நினைப்போடுதான் போனேன்.

அண்ணன் சுவிட்சைப் போட்டுவிட்டு செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பத்து அருள்நிறை செபம் சொல்லணும் டீச்சரே. அதுக்குள்ள வால்வு சூடாயிரும்."

"நாங்க புராட்டஸ்டண்டுல்லா அண்ணே. செபமாலைக்கு எங்க போக?"

"அப்ப நீங்க பாலில்லாம கட்டஞ்சாயா போடுங்க. அதுக்கும் அந்த நேரந்தான்."

பிறகு கிட்டாரை எடுத்து, தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டு வாசித்தார். மெதுவாகத் தொட்டால் தெளிவாக, சாதுவாக வந்தது. கொஞ்சம் அழுத்தி மீட்டினால் அதே கார்டு தொண்டை கரகரத்து உறுமியது.

கேட்ட விலையைக் கொடுத்தேன். அன்றே காரில் ஏற்றிக்கொண்டேன். இத்தனை நாளில், கல்லூரி முடிந்து வந்து கிட்டாரோடு அதன் முன்னால் உட்காராத சாயங்காலங்கள் குறைவு.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கோயில்ல வேண்டாண்ணு சொல்லியாச்சு. வீட்டுல வச்சிக் கும்பிட இது என்ன மாதா சொரூபமா?" என்று சிரித்தார்.

நடந்ததை ஷைனிதான் பிறகு சொன்னாள். ஊர்த் திருவிழா. அண்ணன் முன்னாடியே போய் ஆம்ப்பைப் போட்டு, அருள்நிறை சொல்லிச் சூடாக்கி வைத்திருந்தார். கமிட்டியில் ஒருவர் சீரியல் செட் விளக்கு போட, ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பூசை தொடங்கும் வருகைப் பாடலுக்கு அண்ணன் கிட்டாரைத் தொட்டால்… சத்தமே இல்லை.

"ஓய் கிளீட்டஸு, சாமியாரு பீடத்துக்கு வந்தாச்சு. ஒம்ம மிஷினு இன்னும் ஒறங்குகா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்க, கோயில் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த வாரம் கமிட்டி கூடி, "புது செட் வாங்கியாச்சு, ஒமக்கும் வயசாச்சு, வீட்டுல இரியும்" என்றார்களாம். பிளக்கைப் பிடுங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. அதில் அவர் மேலும் எனக்குக் கோபம்.

இன்று காலை கமிட்டிச் செயலாளர் போன் செய்தார்.

"மேடம், அண்ணனுக்க ஆம்ப் ஒங்க கையிலதானே? ஒரு மணிக்கூர் தாங்க. கோயில்ல சவப்பெட்டிக்க தலைமாட்டுல வச்சா நல்லா இருக்கும். லைவ் போவுதுல்லா."

"யார் வாசிக்கிறாங்க?"

"வாசிக்கவா? கோயில்ல கீபோர்டு உண்டு மேடம். இது சும்மா ஒரு ஷோவுக்கு."

"தர முடியாது."

"செத்த வீட்டுக் காரியம்… இப்பிடி வீம்பு பிடிக்கலாமா?"

வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஷைனி கூப்பிட்டாள். அழுது அழுது குரலே இல்லை. "அக்கா, அவனுவளுக்குக் குடுத்திராதீங்க. நீங்களே கொண்டு வாங்க. கோயில்லதான் அவனுவளுக்க கமிட்டி. எங்க வீட்டுக்குள்ள இல்லல்லா. அப்பாவ எடுக்கதுக்கு முன்ன ஒரு தடவ அது கேக்கணும்."

"யாரும்மா வாசிப்பா?"

"வேற யாரு… நீங்கதான்."

நான் நாலு பேர் முன்னால் வாசித்தவள் இல்லை. விரும்பியதும் இல்லை. இன்று வாசிக்கிறேன்.

ஆம்ப் காரில் இருக்கிறது. மூன்று மணிக்கு, அவர் வீட்டு முன்னறையில். லெஜண்ட் என்று எழுதியவர்களும் வரலாம், போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும் யாரும் பக்கத்தில் வர வேண்டாம்.

போய் வாருங்கள், கிளீட்டஸ் அண்ணே.