கவ்வாத்துக் கத்திக்குக் காவல்

முத்தையாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை என்னிடம் தந்துவிட்டு, இருமல் மருந்துச் சீசாவோடு மழைக்குள் இறங்கிப் போனார். புண் கட்டுவதும் மருந்து கலக்கிக் கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் தலைவலி என்று வருகிறவர்களில் பலருக்கு வலி தலையில் இருப்பதில்லை. தூக்கம் வராமல் கூரைத் தகரத்தையே பார்த்துக் கிடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது புரியும்.

கயிறு

மலையில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த முத்தையா, யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். முனி பிடித்துவிட்டது என்று பிடித்துவந்து கோயில் தூணில் கட்டிவைத்தார்கள். செய்தி கேட்டு நான் அங்கே போனேன். என் மனைவி இறந்த வருஷம் நானும் ஒரு குரலைக் கேட்டவன்; கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்தவன். அங்கே எல்லாரும் அப்படி ஒரு குரலே இல்லை என்றார்கள். அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கயிற்றை அவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, அதைத்தான் கேட்டேன். முத்தையா கயிறு தடித்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னத்த சொல்லும்? வா வான்னுதான் சொல்லுது. நீங்க ஒரு ஆளுதாங்க கேட்டீங்க."

ஜாமீன்

கத்தி பிடிக்கிற வேலைக்கு இப்படி ஒரு ஆளா என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அவரைக் கணக்கு முடித்துப் பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பப் பார்த்தார். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். பெண்சாதி பிள்ளைகளோடு முத்தையா எங்கே போவார்? கெஞ்சினேன். அப்படியானால் கத்தியைப் பிடுங்கிவிடு என்றார். ஆஸ்பத்திரியில் என் இடுப்பு வாரைப் பிடுங்கிக்கொண்ட அன்றுதான் நான் மனுஷனில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதனால் வேறு வழி சொன்னேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் முத்தையாவே வந்து என்னிடம் கத்தியை வாங்கிப் போகட்டும், சாயங்காலம் அவரே கொண்டுவந்து தரட்டும். குரல் பலமாக இருக்கிற நாளில் அவரே சொல்லிவிடுவார். அன்று கத்தி வேண்டாம், கொழுந்துச் சாக்கு தூக்கட்டும்.

கண்டாக்கையா சிரித்தார். "பைத்தியத்துக்குப் பைத்தியம் ஜாமீனா? சரி. ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் பத்துச்சீட்டுதான்."

சாயங்காலம்

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான சாயங்காலம் என்று ஒன்று இருந்ததில்லை. பனி இறங்கும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் இருட்டத் தொடங்கியும் ஆள் வரவில்லை. லாந்தரோடு மலையேறினேன். பாதி ஏற்றத்தில், என் பழைய குரல் காதோரம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நின்றுவிட்டேன். அப்போது முத்தையா எதிரே சாவகாசமாக வந்தார். கத்தியைத் தீட்டிக்கொண்டு வர நேரமாகிவிட்டது என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கல்லில் உட்காரவைத்தார்.

"உங்களுக்கும் கேக்குதாங்க? என்ன சொல்லுது?"

கத்தி

இப்படியே பல வருஷம் போனது. நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. அவரைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளிதான். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், லொறியிலேயே முடிந்துவிட்டது. காரியம் முடிந்ததும் கத்தியை அவர் பெண்சாதியிடம் கொடுக்கப் போனேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நீங்களே வச்சிருங்க. சாயங்காலமானா வாசலைப் பாக்காம உங்களுக்கு இருக்க முடியாதே."

கத்தி இப்போது என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. துருவேறாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், காலையில் வாங்கிப் போகத்தான் ஆளில்லை.